டெல்சி திருப்பிச் சுமந்த மரம்

டெல்சி ஜம்பர் முதன்முதலில் செதுக்கியது மரத்தை அல்ல, சோப்பை. ஒன்பது வயதில் அரசாங்கத்து ஆட்கள் அவளை லாரியில் ஏற்றி, இரண்டு நாள் பயணத் தொலைவிலிருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே துணி வெளுக்கும் அறையில் வேலை. ஆங்கிலம் பேசாமல் எங்கள் செரோக்கி மொழியில் பேசிவிட்டால் வாயைக் கழுவுவதற்கென்றே ஒரு மஞ்சள் சோப்புக் கட்டி ஜன்னலோரம் இருக்கும். பதிமூன்று வயதில் ஒரு நாள் அந்தக் கட்டியையே எடுத்து, முனை ஒடிந்த கத்தரிக்கோலால் விடுதிக் காப்பாளரின் முகத்தைச் செதுக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். மூக்கு அச்சு அசலாக இருந்ததாம். அதற்காக வாங்கிய அடியைப் பற்றி அவள் அதிகம் சொல்ல மாட்டாள். மூக்கைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வாள்.

பதினேழு வயதில் ஸ்னோபர்ட் மலைக்குத் திரும்பி வந்தாள். இரண்டு வருடத்தில் மோஸைக் கட்டிக்கொண்டாள். மோஸ் மர அறுவை மில்லில் வேலை பார்த்தான். இரண்டு பெண் பிள்ளைகள். சோளக்கொல்லை, அவரைக் கொடி, பன்றி, கோழி என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் படுகிற பாட்டைத்தான் அவளும் பட்டாள். இடையிடையே கத்தியும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். கோபம் வந்தாலும் செதுக்குவாள், சந்தோஷம் வந்தாலும் செதுக்குவாள். அதனால் அவள் எந்த நிலைமையில் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியாமல் மோஸ் பல தடவை மாட்டிக்கொண்டிருக்கிறான். கரண்டி, சோளம் இடிக்கும் உலக்கை, பிள்ளைகளுக்கு அணில், ஆந்தை என்று எதையாவது செய்து, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். அதை ஒரு பிழைப்பு என்று யாரும் நினைத்ததில்லை, அவளும்தான்.

ஐம்பத்தாறாம் வருடம் இலையுதிர் காலத்தில் மில் ரம்பம் மோஸின் வலது கையில் கட்டைவிரலையும் பக்கத்து இரண்டு விரல்களையும் கொண்டுபோனது. மில்காரர்கள் அனுதாபப்பட்டார்கள், பிறகு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் உதவிக் குழுதான் அவர்கள் வீட்டுக்கு விறகு வெட்டிப் போட்டது. எங்களிடையே அது வழக்கம், யாருக்கும் அதில் குறைச்சல் இல்லை. ஆனால் மற்றவன் வெட்டிய விறகில் குளிர் காய்வது மோஸுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பான்.

தை மாதக் கடைசியில் அரசாங்க அலுவலர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து கூட்டம் போட்டார். மலையில் பிழைக்க வழியில்லாதவர்கள் க்ளீவ்லாண்ட் நகரத்துக்குக் குடிபோகலாம், பஸ் டிக்கெட் இலவசம், தொழிற்சாலையில் வேலை, தங்க அறை, எட்டு விரல் இருந்தாலும் ஏழு விரல் இருந்தாலும் பரவாயில்லை என்றார். கெட்ட மனிதர் இல்லை. எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். மோஸ் அவர் பேச்சை இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

வீட்டில் மூன்று நாள் சண்டை. சண்டை என்றால் அவர்கள் வீட்டுச் சண்டை. ஒருவரும் குரல் உயர்த்தாமல், சாப்பாட்டைத் தட்டில் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் நடக்கும். நாலாம் நாள் டெல்சிதான் வாயைத் திறந்தாள்.

"ஒரு தடவ என்னைய வண்டில ஏத்தி அனுப்பிட்டாங்க. அப்ப ஒம்பது வயசு, என்னையக் கேக்க ஆளில்ல. இப்ப முப்பத்தெட்டு. இனி ஏற மாட்டேன்."

"ஏறாம இங்க உக்காந்து என்னத்த திங்கறது?" என்றான் மோஸ்.

அப்போதுதான் அவள் கடையைப் பற்றிச் சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கம் செரோக்கி நகரத்தில் எங்கள் ஆட்களே நடத்தும் கைவினைக் கடை இருந்தது. கூடை, பானை, மரச்சிற்பம் எல்லாம் அங்கே போகும். கோடையில் வண்டி வண்டியாக வெளியூர்க்காரர்கள் வந்து வாங்குவார்கள். புதிதாகச் சேர வேண்டுமானால் வருடத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் நடுவில், குழு உட்கார்ந்து வேலையைப் பார்க்கும். பிடித்தால் எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு வருடம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் அடுத்த வருடம். கடை தன்னை எடுத்துக்கொண்டால் இங்கேயே இருப்பது, எடுத்துக்கொள்ளாவிட்டால் மறுவாரம் புதன்கிழமை அலுவலர் வரும்போது தானே முதல் ஆளாக நின்று கையெழுத்துப் போடுவது என்றாள். மோஸ் சரி என்றான். அவர்கள் கை குலுக்கிக்கொள்ளவில்லை. ஆனாலும் பேச்சு பேச்சுதான்.

மரம் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே மோஸ் மலையிலிருந்து லின் மரக்கட்டைகளைப் பக்கத்து வீட்டுக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டிருந்தான். கையில் கட்டு அவிழ்த்த பிறகு அவன் செய்த முதல் வேலை அது. பட்டை உரித்து, நாலாகப் பிளந்து, நன்றாகக் காய்ந்து இருந்தது. லின் என்றால் செதுக்குகிறவர்களுக்கு விருந்து. வெள்ளை வெளேரென்று, முடிச்சில்லாமல், கத்தி போன பக்கமெல்லாம் வழிவிடும். டெல்சி அதில் பதினோரு உருவங்கள் செய்தாள். நாலு காலில் நிற்கும் கரடிகள், ஓநாய், தலையைத் திருப்பிப் பார்க்கும் பெண்மான். அந்த மானின் கால்கள் பென்சில் கனம்கூட இருக்காது. அதை ஜன்னலில் வைத்தபோது மோஸ் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவ்வளவு நாளாக இதை எங்கே ஒளித்துவைத்திருந்தாய் என்று கேட்டானாம். அவளுக்கு அதுவே பாதி வெற்றி.

சீவல்களை வீணாக்கவில்லை. தினமும் காலையில் அதைப் போட்டுத்தான் அடுப்புப் பற்றவைத்தாள். மாசியில் அவள் உள்ளங்கையும் விரலிடுக்கும் வெடித்தன. துணி வெளுக்கிற காரத்தால் என்று நினைத்து, கரடிக் கொழுப்பைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

குழு உட்காருவதற்குப் பத்து நாள் முன்னால் ஊர்ப் பெரியவர் போசி மாமா வந்தார். மலை வெங்காயம் பறிக்கப் போய்விட்டு, ஒரு கட்டு கொடுக்கலாம் என்று இறங்கி வந்தவர். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே ஜன்னலில் இருந்த உருவங்களைப் பார்த்தார்.

"மகளே, இது அந்த மேட்டு லின்னா? ரெட்டப் பாறைக்கு மேல விழுந்து கெடந்துச்சே?"

ஆமாம், மோஸ்தான் கொண்டுவந்தான் என்றாள்.

"அதுல இடி எறங்கியிருக்கே. அடியிலேருந்து சுத்திக்கிட்டு தழும்பு போகுது. நான் இன்னைக்குப் பாத்துட்டுத்தான வரேன்." வெங்காயக் கட்டைப் படியில் வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். யாரிடமும் சொல்கிற ஆள் இல்லை அவர்.

மின்னல் விழுந்த மரத்தை நாங்கள் தொடுவதில்லை. அடுப்பில் வைப்பதில்லை, வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. தொட்டுப் பழகுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கான முறை தெரிந்தவர்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கை கால் வெடிக்கும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்களும், வானொலியில் விஞ்ஞானம் கேட்கிறவர்களும் அதைத் தொட மாட்டார்கள். காரம்தான் காரணம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். டெல்சி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, மோஸ் வரும்வரை ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

மோஸ் மறைக்கவில்லை. மரத்தைக் கண்ட அன்றே தழும்பைப் பார்த்திருந்தான். தழும்பு அடிமரத்தில் பாதியோடு நின்றுவிட்டது, மேல்பாதியில் ஒரு கீறல்கூட இல்லை. மேலே இருப்பது வேறு மரம் மாதிரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை மட்டும் அறுத்தான். உண்மை என்னவென்றால், நிற்கிற மரத்தை வெட்டிச் சாய்க்க அவனுக்கு அப்போது கையில்லை. தானாக விழுந்து கிடந்தது அது ஒன்றுதான். வெறுங்கையோடு வீட்டுக்கு வர அவனால் முடியவில்லை. இதைச் சொல்லும்போது அவன் அழுதான். டெல்சிக்கு அவன்மேல் ஆத்திரமும் வந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவனே ஒரு வழி சொன்னான். போசி மாமாவையும் நம்மையும் தவிர யாருக்கும் தெரியாது. வாங்குகிறவன் எல்லாம் வெளியூர்க்காரன். அவனுக்கு மின்னலும் தெரியாது, மரமும் தெரியாது.

"வாங்கறவன் அப்புறம்," என்றாள் டெல்சி. "கடைல அத எடுத்து எடுத்துத் தொடச்சி வெக்கிறது யாரு? நம்ம சனத்துப் பொண்ணுங்க. அதுங்க கைய வெடிக்க வெச்சிட்டு நான் இங்க ஒக்காந்து சோறு திங்கணுமா?"

மறுநாள் காலையில் திருப்பிச் சுமக்க ஆரம்பித்தார்கள். எரிக்க முடியாது, ஆற்றில் விட முடியாது. வந்த இடத்துக்கே போவதுதான் வழி. கழுதையைக் கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும், அதனால் கேட்கவில்லை. மூன்று நடை ஏறினார்கள். செதுக்காத கட்டைகளை மோஸ் தோளில் தூக்கினான், சொல்லாமலே கனமானதை எடுத்துக்கொண்டான். சீவல் இரண்டு சாக்கு. டெல்சி துடைப்பத்தால் பலகைச் சந்துகளில் இருந்ததையும் கிளறி எடுத்தாள். அடுப்புச் சாம்பல் ஒரு வாளி. ஏற்கெனவே அவரைப் பாத்தியில் கொட்டிவிட்ட சாம்பலை என்ன செய்வது என்று மோஸ் கேட்டபோது, அதற்கு மேல் தன்னால் ஆகாது, இந்த வருடம் அந்தப் பாத்தியில் அவரை வேண்டாம் என்றாள்.

விழுந்த மரத்தின் பக்கத்திலேயே பதினொன்றையும் வரிசையாக வைத்தாள். மானைக் கடைசியாக வைத்தாள். அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தாள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நாலு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு இருவரும் ஓடையில் இறங்கி முங்கினார்கள். ஏப்ரல் மாதத் தண்ணீர், பல் கிடுகிடுத்தது.

மிச்சம் ஒன்பது நாள். ஈர மரத்தைச் செதுக்கினால் காய்வதற்குள் வாய் பிளக்கும். காய்ந்த மரத்துக்கு எங்கே போவது? மோஸின் அண்ணன் பாய்ட் சாயங்காலம் வந்து ஜன்னல் காலியாக இருப்பதைப் பார்த்தான். காரணம் சொல்லவில்லை என்றாலும் அவனுக்குக் கேலி செய்யக் காரணம் தேவையில்லை.

"க்ளீவ்லாண்ட் பஸ்ல ஜன்னல் சீட்டு புடிச்சிக்க, டெல்சி. போற வழில நெறைய மரம் பாக்கலாமாம்."

"உன் தம்பி மடியில உன்னைய ஒக்கார வெச்சிக் கூட்டிட்டுப் போறேன், வரியா?" என்றாள். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

காலையில் எழுந்து வெளியே வந்தவளின் கண்ணில் மலைச்சரிவு பட்டது. அவள் சிறுமியாக இருந்தபோதே எங்கள் மலையின் செஸ்ட்நட் மரங்களெல்லாம் நோய் கண்டு செத்துப்போயின. நின்றபடியே செத்து, நின்றபடியே இருபத்தைந்து வருடம் காய்ந்தவை, சாம்பல் நிறத்தில் அங்கங்கே நிற்கும். வேலிக்கும் கூரைக்கும் வெட்டுவார்கள். செதுக்குவதற்கு யாரும் அதைத் தொட மாட்டார்கள். உள்ளே எல்லாம் புழு துளைத்த ஓட்டை. உளியை வைத்தால் நார் போன போக்கில் பிளந்துகொள்ளும். ஆனால் அதைவிடக் காய்ந்த மரம் உலகத்தில் இல்லை.

ஒரு மரத்தை மூன்று தடவை சுற்றிவந்து, தழும்பு இல்லை என்று விரலால் தடவிப் பார்த்தாள். மோஸும் தடவிப் பார்த்தான். பிறகு இருவர் இழுக்கும் நீள ரம்பத்தை எடுத்தார்கள். மோஸின் வலது மணிக்கட்டைத் தோல்வாரால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினாள். இழுவை ரம்பத்தில் ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தள்ளக் கூடாது, விட்டுக்கொடுக்க வேண்டும். மோஸ் மில்லில் பழகியவன், வேகமாக இழுத்தான். டெல்சி விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. ரம்பம் நடுவில் வளைந்து பாடியது. மத்தியானம் வரை ஒருவரை ஒருவர் வைதுகொண்டே அறுத்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு பேச்சு நின்றது, மரம் அறுபட்டது. மரம் சாய்ந்தபோது மோஸ் வாரை அவிழ்க்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தான். விரல்கள் போன பிறகு அவன் முகத்தில் அப்படியொரு தெளிவை அவள் அன்றுதான் பார்த்தாள்.

முதல் மூன்று நாள் நாசம். கரடியின் முன்னங்கால் பிளந்து விழுந்தது. இன்னொரு கரடியின் பின்னங்கால். மானைத் தொட்ட மாத்திரத்தில் இரண்டு கால் போயிற்று. கை வெடிப்பில் ரத்தம் கசிந்து கத்திப்பிடி வழுக்கியது, துணி சுற்றிக்கொண்டாள். மூத்த மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, க்ளீவ்லாண்டில் பனி பெய்யுமா என்று கேட்டாள். டெல்சி அடுத்த கட்டையை எடுத்தாள்.

நாலாம் நாள் காலையில் கோழிக்குத் தவிடு வைக்கப் போனாள். பெட்டியில் அடைக்கோழி உட்கார்ந்திருந்தது. கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. காலை உள்ளே இழுத்து, கழுத்தை ஒடுக்கி, நகர மாட்டேன், என்ன செய்வாய் என்று அவளைப் பார்த்தது. டெல்சி தவிட்டுக் கிண்ணத்தோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து ஒன்றையும் அவள் நிற்க வைக்கவில்லை. நார் ஓடுகிற வாட்டத்திலேயே முதுகை வைத்தாள். சுருண்டு தூங்கும் கரடி. காதை மடித்துப் பதுங்கிய முயல். காடை, ஆமை, தேரை, பாதங்களுக்கிடையே முகத்தை வைத்த நாய். கடைசியாக அந்தக் கோழி. எதற்கும் கால் வெளியே தெரியாது, ஒடிவதற்கு ஒன்றும் இல்லை. புழு ஓட்டைகளை மெழுகால் அடைக்கவில்லை. மோஸ் நல்ல கையால் உப்புத்தாள் போட்டு, தேன்மெழுகு தேய்த்தான். மரத்தின் பழுப்பு, தேனைப் போல மேலே எழும்பி வந்தது. நாலே நாளில் ஏழு உருவங்கள். அவள் கை அப்போது கை மாதிரியே இல்லை.

சனிக்கிழமை சர்ச் லாரியில் மலையைத் தாண்டிப் போனார்கள். குழுவில் மூன்று பேர். தலைவர் ஜெஸ் யங்பர்ட்; முப்பது வருடமாகச் செதுக்குகிறவர், பாராட்டை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற மனிதர். பக்கத்தில் கூடை பின்னும் ஐவா. இன்னொருவர் வாய் திறக்கவே இல்லை. டெல்சி ஏழையும் மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மோஸ் கதவோரம் நின்றான்.

ஐவா முயலை எடுத்து ஓட்டைகளைக் காட்டினாள். வாங்குகிறவர்கள் மரம் உளுத்துப்போனது என்பார்கள், திருப்பிக் கொண்டுவருவார்கள் என்றாள். சொன்னதில் தப்பில்லை.

ஜெஸ் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"எல்லாம் ஏன் படுத்துக் கெடக்கு?"

"நிக்க வெச்சா ஒடையிது, அண்ணே. படுக்க வெச்சேன்."

ஐவா சிரித்துவிட்டாள். ஜெஸ் சிரிக்கவில்லை.

"லின்னுல நீ பதினொண்ணு பண்ணி வெச்சிருக்கேன்னு மோஸோட அண்ணன் போன மாசம் இங்க வந்து பீத்திட்டுப் போனான். நல்லா நிக்கிற மானாம். அத ஏன் கொண்டு வரல?"

கதவோரத்தில் மோஸ் தலையைக் குனிந்துகொண்டான். டெல்சி அவனைப் பார்க்கவில்லை. இங்கே பொய் சொல்வது சுலபம். விற்றுவிட்டேன் என்றால் போயிற்று. "அது இடி எறங்குன மரம்," என்றாள். "எனக்கு முதல்ல தெரியல. தெரிஞ்சதும் கொண்டுபோய் அங்கயே வெச்சிட்டோம். சீவல், சாம்பல் எல்லாம்."

ஐவா டெல்சியின் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு முயலைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஜெஸ் கோழியை எடுத்துத் தன் முன்னால் வைத்து வெகுநேரம் பார்த்தார். "செஸ்ட்நட்ட செதுக்க முடியாதுன்னு நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன்," என்றார். "மாசம் பன்னெண்டு தர முடியுமா? இதே மரம். வேற மரம் கொண்டுவந்தா எடுக்க மாட்டேன்."

முடியும் என்றாள் டெல்சி. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

திரும்பி வரும் வழியெல்லாம் மோஸ் ஒன்றும் பேசவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாயும் அப்படியே போனது. கடை எடுத்துக்கொண்டது அவளை; அவனை அல்ல. அங்கே தொழிற்சாலையில் ஆம்பளைக்கு ஒரு வேலை காத்திருந்தது, இங்கே அவனுக்கு என்ன இருக்கிறது என்று அவன் சொல்லாமலே அவளுக்குக் கேட்டது. பேச்சு பேச்சுதான், அவன் போக மாட்டான். ஆனால் பேச்சுக்காக மட்டும் ஒரு மனிதனை மலையில் கட்டிப்போட்டால் அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டு செத்துப்போவான் என்று அவள் பயந்தாள். இதைச் செதுக்கித் தீர்க்க அவளிடம் ஒரு வழியும் இல்லை.

புதன்கிழமை மோஸ் முகம் மழித்து, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினான். டெல்சி எதற்கு என்று கேட்கவில்லை, கூடவே போனாள். அலுவலரின் மேஜை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், பாய்டும் இருந்தான். முறை வந்ததும் அலுவலர் மோஸின் பெயர் எழுதிய தாளை எடுத்து அவன் முன்னால் வைத்து, பேனாவை நீட்டினார். மோஸ் தாளை மெதுவாக அவர் பக்கமே நகர்த்தினான்.

"நான் வரல. எனக்கு இங்க வேல இருக்கு."

அலுவலருக்கு ஏதாவது எழுதியாக வேண்டும். யாரிடம் வேலை, என்ன வேலை என்று கேட்டார்.

"மரம் அறுக்கிற வேல. என் பொண்டாட்டிகிட்ட."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாய்ட் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். மோஸ் சிரிக்கவில்லை. அலுவலர் அதை எழுதி முடிக்கும்வரை நின்று, எழுத்து சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, டெல்சியிடம் வந்து, இன்றைக்கு எந்த மரம் என்று கேட்டான்.